முப்பத்தெட்டு கிலோமீட்டர் வராந்தா

இத்தாலின்னு சொன்னதும் நீங்களும் அதத்தான் கேக்கீய அண்ணாச்சி, சாஞ்ச கோபுரம் பாத்தீயளான்னு. பாத்தேன். ஆனா நீங்க படத்துல பாக்கது வேற ஊருல இருக்கு. நான் போனது பொலோன்யான்னு ஒரு ஊரு. அங்க ரெண்டு கோபுரம் பக்கத்துல பக்கத்துல நிக்கு. ரெண்டும் சாஞ்சிருக்கு. ஒண்ணு கொஞ்சம், ஒண்ணு ரொம்ப. ரொம்பச் சாஞ்சதச் சுத்தி இரும்புப் பெட்டியா அடுக்கி வேலி கட்டி வச்சிருக்காவ, விழுந்தா அதுக்குள்ள விழட்டும்னு. கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு சனம் காப்பி குடிச்சிக்கிட்டு இருக்கு. எம்மக கைய நீட்டி, எப்ப கட்டுனது, என்ன உசரம்னு விளக்கம் சொல்லுதா. எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. உள்ளங்கை ரெண்டும் வேர்த்துப் போச்சு. சரி பாத்தாச்சு, வாங்கன்னு சொல்லிட்டு வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பிச்சிட்டேன்.

பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிராதீய. நான் முப்பத்திரண்டு வருசம் நகராட்சியில இன்ஜினியரா இருந்தவன். ஆவுடையப்பன் வாராருன்னா காண்ட்ராக்டர் எல்லாம் எந்திரிச்சு நிப்பான். எந்த நகராட்சின்னு கேக்காதீய, நாலஞ்சு ஊருல இருந்திருக்கேன். பழைய கட்டடத்தப் பாத்து இது நிக்கும், இது நிக்காதுன்னு சொல்லுததுதான் என் சோலி. அதனால மத்தவங்க கண்ணுக்கு அழகாத் தெரியது என் கண்ணுக்கு வெடிப்பாத்தான் தெரியும். அது பயம் இல்ல, தொழில். உலகுக்கு அது புரியாது. உலகுன்னா என் வீட்டுக்காரி, உலகம்மாள்.

எம்மக சிவகாமி அங்க செடிகொடியப் பத்தி ஆராய்ச்சி பண்ணுதா. முப்பத்தோரு வயசு. ஒத்தப் பிள்ளை. ரெண்டு வருசமா வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. இந்த ஐப்பசிக்குத்தான் போனோம். அவ இருக்க வீடு மூணாவது மாடி. உள்ள நுழைஞ்சதும் மேல பாத்தேன். மர உத்திரம். எந்தக் காலத்து வீடும்மான்னேன். ஆயிரத்து அறுநூத்திச் சொச்சம்ப்பான்னா, பெருமையா. நான் பெட்டியக் கீழ வைக்கதுக்கு முன்னால ஒவ்வொரு உத்திரமாத் தட்டிப் பாத்தேன். விரல மடக்கி இப்படித் தட்டணும். டொக்குன்னா நல்லது. டொப்புன்னா உள்ள செல்லரிச்சிருக்குன்னு அர்த்தம். எல்லாம் டொக்குன்னுதான் இருந்துச்சு. இருந்தாலும் கட்டில சுவர் ஓரமா இழுத்துப் போட்டுக்கிட்டேன். எம்மக சிரிச்சா. உலகு சிரிக்கல, என்னையே பாத்துக்கிட்டு நின்னா.

இனிமேதான் விசயமே இருக்கு. அந்த ஊரு எப்படின்னா, ஊரே ஒரு வராந்தா. விளையாட்டுக்குச் சொல்லல. அந்தக் காலத்துல ஆளு பெருகிப் போச்சு, இடம் பத்தல. என்ன செஞ்சிருக்காவ, வீட்ட மாடியில ரோட்டுப் பக்கமா நீட்டிக் கட்டி, அடியில தூண் குடுத்திருக்காவ. அடுத்த வீட்டுக்காரனும் அப்படியே. அவனுக்கு அடுத்தவனும் அப்படியே. அது நீண்டு நீண்டு தெருத்தெருவா ஓடுது. நீங்க வீட்ட விட்டு எறங்குனா வராந்தாவுலதான் காலு வைப்பீய. காய்கறி வாங்க, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கன போனாலும் தலைக்கு மேல எவனோ ஒருத்தன் வீடு இருக்கும். குதிரை மேல ஒரு ஆளு உக்காந்து போனா தலை இடிக்கக் கூடாதுன்னு உசரத்துக்குச் சட்டம் போட்டுக் கட்டுனதாம். ஊருக்குள்ள மட்டும் முப்பத்தெட்டு கிலோமீட்டர்னு சிவகாமி சொன்னா. முப்பத்தெட்டு கிலோமீட்டர் அண்ணாச்சி. நான் ஒரு முப்பது அடி வராந்தாவுக்கே…

சரி, அது கெடக்கட்டும்.

உலகு அங்க போயி வேற ஆளாயிட்டா. இங்க முழங்கால் வலின்னு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஆட்டோ கேப்பா. அங்க காலையில எட்டு மணிக்கு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு, சேலைய ஏத்திச் சொருகிக்கிட்டு, வாசல்ல நிப்பா. மூணு வேளையும் நடை. தூணுக்குத் தூண் நின்னு தடவிப் பாப்பா. ஒரு தூண் மாதிரி ஒரு தூண் இல்லம்பா. சுவரெல்லாம் செம்மண்ணு நிறம். நம்ம தேரிக்காட்டு நிறம் இருக்குல்லா, அது. சாயங்காலம் வெயில் பட்டா கருப்பட்டி மாதிரி ஆயிரும்னு அவதான் சொன்னா. நான் நிறத்தப் பாக்கல. தூண் தலையில ஓடுத கீறலப் பாத்துக்கிட்டே நடந்தேன்.

சாப்பாடும் அப்படித்தான். நாங்க சைவம். அந்த ஊருல பன்னிதான் பிரதானம். கடை வாசல்ல முழுசு முழுசாத் தொங்கவிட்டிருக்கான். நான் தயிரும் சோறும் மட்டும் போதும்னுட்டேன். உலகு விட்டாளா? சந்துக்குள்ள ஒரு கடையில ஒரு பொம்பள மாவ உருட்டி, பாய் மாதிரி விரிச்சு, சதுரமா வெட்டி, நடுவுல பூரணம் வச்சு மடிச்சிக்கிட்டு இருந்தா. இவ கண்ணாடிக்கு வெளிய நின்னு அரைமணி நேரம் பாத்தா. மறுநாளும் போனா. மூணாம் நாளு அந்தப் பொம்பளையே கையக் காட்டி உள்ள கூப்பிட்டுட்டா. பாஷை தெரியாது, ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு மடிக்காவ. பரங்கிக்காய்ப் பூரணம், பாலாடைக்கட்டிப் பூரணம் எல்லாம் உண்டாம். நம்ம கொழுக்கட்டைதான், வெண்ணெய்யில பெரட்டித் தாரான்னு சொல்லி எலையில கட்டி எனக்கும் கொண்டாந்தா. எலையிலயா, இல்ல, தாள்ல. நான் தொடல. உள்ள என்ன இருக்குன்னு எவன் கண்டான்? பாக்காம எப்படிச் சாப்பிட?

அத நான் சொன்னதும் அவ ஒரு மாதிரி என்னப் பாத்தா. நீங்க பாக்காம ஒண்ணும் செய்யமாட்டீங்கன்னா. நான் ஆமான்னேன். அன்னைக்கு அதுல எனக்கு ஒண்ணும் தோணல.

ஒரு நாள் ஒரு தெருவுக்குக் கூட்டிட்டுப் போனா சிவகாமி. அங்க ஒரு வராந்தாவுக்குக் கல் தூண் கிடையாது, மரத் தூண். ஓக்கு மரமாம். மூணு ஆள் உசரத்துக்கு மேல நிக்கு, எழுநூறு எண்ணூறு வருசமா. மழை வேற தூறிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் அண்ணாந்து பாக்காவ. நானும் பாத்தேன். மரத்துக்கு அடியில ஈரம்.  தூணு விலகுத மாதிரி இருக்கு. கண்ணு அப்படிக் காட்டுது. நான் ஓடிப்போயி நடு ரோட்டுல நின்னுட்டேன். ஒரு பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கான். எம்மக பதறி வந்து கையப் பிடிச்சா. மயக்கம்மான்னு சொல்லிச் சமாளிச்சேன்.

உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. பத்தொம்பது வருசத்துக்கு முன்னால, நான் இருந்த ஒரு ஊருல, தேர் போற வீதியில பழைய கடை வரிசை ஒண்ணு. முன்னால வராந்தா. பனை உத்திரம் போட்டு மேல சுண்ணாம்புத் தளம். வருசா வருசம் அதுக்கு உறுதிச் சான்று குடுக்கணும், அப்பத்தான் கடைக்கு லைசென்ஸ். நான்தான் குடுத்தேன். நேருல போயி, சுத்தியல வச்சுத் தட்டிப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஐப்பசியில நாலு நாள் விடாம மழை. அஞ்சாம் நாள் மத்தியானம் தளம் இடிஞ்சு எறங்கிட்டு. மழைக்கு ஒதுங்கி நின்ன சனமெல்லாம் சத்தம் கேட்டு ஓடிட்டு. ஒரு டெய்லர், செல்லச்சாமின்னு பேரு, மிஷின வராந்தாவுலதான் போட்டிருந்தான். மிதிக்க சத்தத்துல அவனுக்குக் கேக்கல. அவன் மட்டும்தான். ஒரே ஒரு ஆளு. அவ்வளவு கூட்டத்துல ஒரே ஒரு ஆளு.

விசாரணை வச்சாவ. ரெண்டு மாசம். ரிஜிஸ்டர்ல நான் பாத்த தேதி இருந்துச்சு, நேரம் இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு. அளவுக்கு மீறுன மழைதான் காரணம்னு முடிச்சிட்டாவ. என் மேல ஒரு கீறல் விழல. அதுக்கப்புறம் ரெண்டு பிரமோஷன். யாரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல. அதச் சொல்லணும்லா.

பஸ் ஆலங்குளம் வந்துட்டு. எறங்குத ஆளு எறங்கட்டும், கால ஒதுக்கிக்கிடுங்க.

அப்படியே ஒரு வாரம் போச்சு. நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். வராந்தாவுல நடக்காம ஓரமா ரோட்டுல நடந்துட்டா சரி. சைக்கிள்காரன் திட்டுவான், திட்டட்டும். ஒரு நாள் அப்படி நடக்கையில ஒரு தூணப் பாத்தேன். அதுல ஒரு கீறல். கீறலுக்குக் குறுக்க விரல் நீளத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒண்ண ரெண்டு பக்கமும் சாந்து வச்சு ஒட்டியிருக்கு. உங்களுக்குத் தெரியாது, அது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். கீறல் விரிஞ்சா கண்ணாடி உடைஞ்சிரும். உடையலன்னா கட்டடம் அசையலன்னு அர்த்தம். அந்தக் கண்ணாடி உடையல. சாந்துல ஆணிய வச்சுத் தேதி கீறியிருந்தான். அதுக்குக் கீழ இன்னொரு தேதி. அதுக்குக் கீழ இன்னொண்ணு. ஆறு மாசத்துக்கு ஒருக்க எவனோ ஒருத்தன் வந்திருக்கான். ஏணி போட்டிருக்கான், பாத்திருக்கான், எழுதியிருக்கான். அவனுக்குத் தலைவலி வந்திருக்கும், வீட்டுல விசேசம் இருந்திருக்கும். வந்திருக்கான்.

எனக்கு அந்தக் கோபுரத்தப் பாத்துக்கூட அவ்வளவு பயம் வரல அண்ணாச்சி. அந்தக் கண்ணாடித் துண்டப் பாத்து வந்துச்சு. அந்தத் தூணையே பிடிச்சிக்கிட்டு நின்னேன். நின்னுட்டு, இவங்க ஊருல ஆளு இருக்கு, ஜீப் இருக்கு, நமக்கு என்ன இருந்துச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நான் அந்தத் தேர் வீதிக் கடைய எதுத்தாப்புல டீக்கடையில நின்னு பாத்தேன். அங்கன நின்னாலே தெரியும், அத்தனை வருச அனுபவம். தட்டித்தான் பாக்கணும்னு இல்ல.

என்ன பாக்கீய? சுத்தியல்னு சொன்னேனா? இருக்கும். எல்லா இடத்துக்கும் சுத்தியலோட போறதுதானே வழக்கம், அதுல சொல்லியிருப்பேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மலைக்கோயில். ஊருக்கு வெளிய ஒரு குன்று, மேல மாதா கோயில். அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் வராந்தா போகுது, நாலு கிலோமீட்டர் இருக்கும், அறுநூத்தி அறுபத்தாறு வளைவு. உலகு நடந்துதான் போவேன்னு நின்னா. பாதி வழியில மழை பிடிச்சிட்டு. சனம் எல்லாம் வளைவுக்குள்ள நனையாம நடக்கு. பேசிச் சிரிச்சிக்கிட்டு ஏறுது. நான் ஒருத்தன் மட்டும் வெளிய ரோட்டுல, குடையப் பிடிச்சிக்கிட்டு, தொப்பலா நனைஞ்சு ஏறுதேன். காத்து குடையத் திருப்பிட்டு. அதையும் மடக்கிட்டேன். சிவகாமி தூணுக்கு நடுவுல நின்னு, அப்பா உள்ள வாங்கன்னு கெஞ்சுதா. நான் மாட்டேன்னுட்டேன். மழைக்கு வராந்தாவுல ஒதுங்கி நிக்க சனத்தப் பாக்கப் பாக்க எனக்கு அந்தக் கடை வாசல்தான் கண்ணுல வருது. எல்லாரையும் வெளிய இழுத்துப் போடணும் போல இருக்கு. ஒரு கிழவரு என் சட்டையப் பிடிச்சு உள்ள இழுத்தாரு, பாவம், நல்ல எண்ணத்துல. நான் அவரு கையத் தட்டிவிட்டுட்டேன்.

அப்பம் உலகு ஒரு காரியம் பண்ணுனா. அவளும் வெளிய வந்தா. மழையில எம்பக்கத்துல நடந்தா. உச்சி வரைக்கும் அப்படித்தான். கோயிலுக்குள்ள போயி மெழுகுதிரி வச்சுட்டு வந்தா. யாருக்குன்னு நான் கேக்கல.

ரெண்டு பேருக்கும் காய்ச்சல். மூணு நாள் அவ ரசம் வச்சு எனக்கு ஊத்துனா, தானும் குடிச்சா. என்னத்துக்கு நீயும் நனைஞ்சன்னு கேட்டேன். நீங்க நனைஞ்சீங்கல்லான்னா. எனக்கு அப்பமே மனசுக்குள்ள ஒரு மணி அடிச்சிருக்கணும். அடிக்கல.

அத்தியூத்து வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்குல்லா? இருக்கு இருக்கு.

காய்ச்சல் விட்ட மறுநாள், ஊருக்கு நடுவுல பெரிய மைதானம் ஒண்ணு இருக்கு, அங்க கூட்டிட்டுப் போனா சிவகாமி. மைதானத்துக்குப் பக்கத்துல பழைய அரண்மனை. அதுக்கு அடியில நாலு பக்கமும் தெறந்த ஒரு வளைவு மண்டபம். அதுல ஒரு அதிசயம்னா. ஒரு மூலையில போயி சுவரப் பாத்து நின்னு ரகசியம் மாதிரிப் பேசுனா, எதிர் மூலையில சுவரப் பாத்து நிக்க ஆளுக்குக் கேக்குமாம். நடுவுல நிக்கவனுக்குக் கேக்காது. சத்தம் சுவரோடயே ஏறி, கூரை வழியா அந்தப் பக்கம் எறங்குதாம். அந்தக் காலத்துல தொழுநோய்க்காரங்க அந்த மூலையில நின்னுதான் பாதிரியார்கிட்டப் பாவத்தச் சொல்லுவாங்களாம், கிட்ட வராம இருக்க. சனம் வரிசையில நின்னு விளையாடுது. நான் அந்த வளைவுக்குக் கீழ போக மாட்டேன்னேன். உலகு வந்து, ஒரே ஒருக்க, எனக்காகன்னா. முப்பத்தாறு வருசத்துல அவ எனக்காகன்னு ஒண்ணு கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. போனேன்.

மூக்கு சுவர்ல முட்டுத மாதிரி நின்னேன். மேல பாக்கல. கண்ண மூடிக்கிட்டேன். முதுகுக்குப் பின்னால அவ்வளவு கூட்டம் இரையுது. அந்த இரைச்சலுக்குள்ள, காதுக்குள்ள வாய வச்ச மாதிரி உலகு குரல் வருது.

"கேக்குதா?"

"கேக்கு"ன்னேன்.

 அப்புறம் வந்துச்சு.

"அந்த டெய்லர் கடைய நீங்க போய்ப் பாக்கலேல்லா?"

நான் திரும்பிப் பாத்தேன். அந்தக் கடைசியில, நடுவுல இருபது பேருக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத்துல தண்டனைக்கு நிக்க பிள்ள மாதிரி முதுகக் காட்டிச் சுவரோட ஒட்டி நிக்கா. நான் மறுபடி சுவருப் பக்கம் திரும்பி, ரிஜிஸ்டர்ல இருக்குல்லான்னேன்.

"ரிஜிஸ்டர்ல என்ன தேதின்னு எனக்குத் தெரியும். விசாரணைக்கு வந்த கடுதாசிய நானும் படிச்சேன். அன்னைக்குத்தான் சிவகாமிக்குச் சடங்கு வச்சோம். காலையில இருந்து நீங்க பந்தியில நின்னீங்க. எலைக்கு எலை கூட்டு வச்சது நீங்கதான்."

அந்தச் சுவர் சில்லுன்னு இருந்துச்சு. நான் நெத்திய அதுல வச்சுக்கிட்டேன். பத்தொம்பது வருசமா என்கிட்ட ஏன் கேக்கலன்னு கேட்டேன். சத்தம் வந்துச்சா வரலையான்னு எனக்கே தெரியல. அவளுக்குக் கேட்டிருக்கு.

"கேட்டா உங்க வேல போயிரும், நீங்க என்ன செஞ்சிக்கிடுவீங்களோன்னு பயந்தேன். பயந்து பயந்து நானும் அதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்கு ஜாக்கெட் தைக்கது யாருன்னு நினைக்கீங்க? செல்லச்சாமி பொண்டாட்டி இசக்கியம்மா. பாவூர்சத்திரத்துல அவ அம்மா ஊருல கடை போட்டிருக்கா. பதினேழு வருசமா அவகிட்டத்தான் குடுக்கேன். தென்காசிக் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போறது அங்கதான். நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. நல்லாப் பேசுவா. எனக்குக் காப்பி வாங்கித் தருவா. அதக் குடிச்சிட்டு வருவேன்."

 சொல்லிரணும்னு இருந்துச்சு. இப்பம் சொல்லலன்னா செத்துப்போவோம்னு இருந்துச்சு. சுவருக்கு வாய ஒட்டி வச்சு, பாக்கல உலகு, நான் போகவே இல்ல, டீக்கடைக்கும் போகல, அப்புறம் ஒரு நாள் ஆபீஸ்ல உக்காந்து ஏதோ ஒரு தேதியப் போட்டேன், சடங்கு வேலையில தேதி என்னன்னுகூட யோசிக்கலன்னு சொன்னேன். அவ்வளவையும் சொன்னேன். முழுசாச் சொன்னேன்.

பதில் வந்துச்சு. ஒரு ஆம்பளக் குரல், சிரிச்சிக்கிட்டே, அந்த ஊரு பாஷையில என்னமோ கேக்கு. திரும்பிப் பாத்தா உலகு அங்க இல்ல. வரிசையில நின்ன வேற ஒருத்தன் அவ எடத்துல நிக்கான். அவ எப்பமோ எடத்த விட்டுட்டு மைதானத்துல சிவகாமிகூட நிக்கா, கண்ணாடியத் தொடைச்சிக்கிட்டு. எம்பின்னால ஒரு வெள்ளக்காரம்மா தோளத் தொட்டு, நீ முடிச்சாச்சுல்லா, நகருன்னு சைகை காட்டுதா.

நான் முடிக்கலைன்னு அவளுக்கு எப்படிச் சொல்ல?

வீட்டுக்குத் திரும்பையில மழை. நான் மேல பாக்கவே இல்ல. வராந்தாவுக்குள்ள நடந்தேனா வெளிய நடந்தேனான்னுகூடத் தெரியல. வழியில அந்தக் கொழுக்கட்டைக் கடையில உக்காந்தோம். தட்டு வந்துச்சு. என்ன பூரணம்னு கேக்காமத் தின்னேன். உலகு எம்பக்கம் இன்னும் ரெண்டு எடுத்து வச்சா. உப்பா இனிப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் அவ அதப் பத்திப் பேசல. நானும் சொல்லல. தனியா இருக்கையில ரெண்டு தரம் வாயத் தொறந்தேன், வேற என்னமோ பேசுனேன். அவளுக்குத் தெரியும்தான். தெரிஞ்சது வேற, நான் சொல்லுதது வேற, இல்லையா. டிக்கெட்டு ரெண்டு பேருக்கும் ஒரே நாளுக்குத்தான் போட்டிருந்துச்சு. அவ தன்னோடத மார்கழி கடைசிக்கு மாத்திட்டா. பிள்ளைகூடக் கொஞ்ச நாள் இருக்கேன்னா. கிளம்புத அன்னைக்கு எம்பெட்டிய அவதான் அடுக்குனா. மேல ஒரு துணிப்பை வச்சா. அதுக்குள்ள புது ஜாக்கெட்துணி ஒண்ணு, அளவு ஜாக்கெட் ஒண்ணு. "அளவு ஜாக்கெட்டப் பாத்ததும் யாரு வீட்டுலருந்துன்னு இசக்கியம்மாவுக்குத் தெரிஞ்சிரும். மீதிய நீங்கதான் சொல்லணும்"ன்னா. நான் வாரதுக்குள்ளன்னு ஒரு வார்த்தை சேத்தா. வேற கண்டிப்பு கிண்டிப்பு ஒண்ணும் கிடையாது. அவ கண்டிச்சிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்.

அது ஆச்சு மூணு வாரம். மொத வாரம் இதே பஸ்ஸுல வந்தேன். பாவூர்சத்திரத்துல எந்திரிக்கக் காலு வரல. தென்காசி வரைக்கும் போயி, கோயில் வாசல்ல நின்னுட்டுத் திரும்பிட்டேன். போன வாரம் எறங்கிட்டேன். கடையையும் கண்டுபிடிச்சிட்டேன், ரோட்டு மேலேயே இருக்கு. வாசல்ல தகரம் எறக்கி, சவுக்குக் கம்பு ரெண்டு குடுத்திருக்கு. அடியில மிஷின். தலையில கொஞ்சம் நரைச்ச பொம்பள ஒண்ணு குனிஞ்சு தைச்சிக்கிட்டு இருக்கு. ஒரு கம்பு அடியில இத்துப்போயிருக்கு. எதுத்த பக்கத்துல இருந்தே எனக்குத் தெரிஞ்சிட்டு. ரோட்டத் தாண்டிப் போயி, அம்மா இந்தக் கம்ப மாத்துங்கன்னாவது சொல்லியிருக்கலாம். சொல்லல. டீக்கடையில நின்னு பாத்துட்டு வந்துட்டேன். இந்த ஒரு வாரமா மழை. ரேடியோவுல மழைன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்புதான்.

போகல. நான் அந்தக் கடைய, செல்லச்சாமி கடைய, போய்ப் பாக்கல. பாத்தீயளா, உங்ககிட்டச் சொல்ல வருது. நல்லாத்தான் வருது. நாக்கு குழறல. அத்தியூத்து தாண்டுனதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வாரேன். அந்த அம்மா முகத்தப் பாத்து வருமான்னுதான் தெரியல. கையில கத்தரிக்கோலோட எந்திரிச்சு நின்னா என்ன செய்ய? அழுதா என்ன செய்ய? ஒண்ணுஞ்சொல்லாம எனக்கும் ஒரு காப்பி வாங்கி வரச் சொன்னா, அத எப்படிக் குடிக்க?

பாவூர்சத்திரம் வந்துட்டு, விசில் அடிச்சிட்டான். எந்திரிக்கணும். உங்க தோளக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுதேன், தப்பா நினைக்காதீய. கண்டக்டர், கொஞ்சம் நிப்பாட்டுங்க, எறங்கணும்.

அண்ணாச்சி, சீட்டுக்கு மேல இருக்குல்லா ஒரு துணிப்பை, அத எடுத்துக் குடுங்க. நனைஞ்சிராம.